பற்றவும் வேண்டும், விடவும் வேண்டும்

பல்லுக்குக் கிளிப் போடுதல் என்று மக்கள் சொல்லும் பல் சீரமைப்புச் சிகிச்சையில், கம்பியைத் தாங்கும் பிராக்கெட் என்ற சிறு பிடிமானம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பல்லோடு ஒட்டி நிற்கவும், பின்னர் பல்லுக்குச் சேதமின்றிக் கழன்று வரவும் வேண்டும்.

பல்லின் வெளிப்பூச்சான எனாமல், எடையில் 96 விழுக்காடு கனிமத்தாலான வழவழப்பான பரப்பாதலால், முற்காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை மாட்டி, அதில்தான் பிராக்கெட்டைப் பற்றவைத்தனர். சாயம் நன்கு பிடிப்பதற்காக உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் பதப்படுத்தும் தொழிற்சாலை முறையைப் பல்லில் சோதித்த அமெரிக்கர் மைக்கேல் பூனோகோர், அமிலம் பட்ட எனாமலில் பிசின் உறுதியாகப் பற்றுவதை 1955இல் வெளியிட்டார். பட்டைகளின் காலம் மெல்ல முடிந்தது.

இன்று 37 விழுக்காட்டு அமிலக் களிம்பை 15 முதல் 30 நொடிகள் வைத்துக் கழுவி உலர்த்தினால், பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுக்கும் அச்சிறு பரப்பில் எண்ணற்ற நுண்துளைகள் திறக்கின்றன. அவற்றில் இறங்கும் பிசின் நீல ஒளி பட்டு இறுகி, வேரோடியதுபோல் பிடித்துக்கொள்கிறது. இப்பிடிப்பு சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 80 கிலோ வரையிலான இழுப்பைத் தாங்கினால் போதுமெனக் கருதப்படுகிறது. மிகையானால் கழற்றும்போது எனாமலே பெயரக்கூடும். குடிநீரில் புளோரைடு மிகுந்த தருமபுரிப் பகுதியில் காணப்படும் கறையேறிய பற்களோ அமிலத்தை எதிர்த்து நிற்பதால், களிம்பைக் கூடுதல் நேரம் வைக்க நேர்கிறது.

துளைகள் திறந்த பின் உமிழ்நீர் சிறிது பட்டாலும் அவை அடைபட்டு, வேலையை மீண்டும் தொடங்க வேண்டியதாகும். குற்றாலத்துச் சாரல் காலத்தில் காற்றின் ஈரம் கம்ப்ரசர் தொட்டியில் நீராகத் தேங்குவதால், அதை வடிக்காமல் பல்லை உலர்த்த முனைந்தால், உலர்த்தும் காற்றே ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆரியங்காவு மலைச்சாலையின் அடிவாரத்திலுள்ள புளியறையிலிருந்து தென்காசிக்கு வந்து சிகிச்சை பெறும் மாணவிக்கு, பிராக்கெட் ஒன்று கழன்றாலும் ஒரு பள்ளிநாள் வீணாகும். முறுக்கையும் கடலை மிட்டாயையும் கடிக்காதிருக்கச் சொல்லும் மருத்துவர், இந்த ஈரத்திலும் அதே கண்டிப்பைக் காட்டுவதே நியாயம்.

சிகிச்சை முடியும் நாளில், குறடால் அழுத்தும்போது பிடிப்பு பெரும்பாலும் பிராக்கெட்டின் அடிப்பரப்பை ஒட்டியே விட்டுப்போக, பல்லில் தங்கும் பிசினைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து மெருகிடுகின்றனர்.