கரடிக் காட்டில் ஒரு குப்பி மிளகாய்க் காரம்

கரடி ஸ்ப்ரே என்பது மிளகாயின் காரத்தை அழுத்தப்பட்ட வாயுவோடு சேர்த்து அடைத்த ஓர் உலோகக் குப்பி. பார்வைக்குச் சிறிய தீயணைப்புக் கருவி போல இருக்கும். விசையை அழுத்தினால் செம்மஞ்சள் நிறப் புகைமூட்டம் ஒன்று சீறிக்கொண்டு வெளிவரும். பாய்ந்து வரும் கரடி அதற்குள் நுழைந்ததும் கண், மூக்கு, தொண்டை எல்லாம் எரியத் தொடங்கும். பெரும்பாலும் உடனே திரும்பி ஓடிவிடும். சிறிது நேரத்தில் எரிச்சல் அடங்கிவிடும், கரடிக்கு நிலையான கேடு எதுவும் வராது. மனிதரும் பிழைத்து விலங்கும் பிழைக்க வழி செய்வதால்தான் வட அமெரிக்கக் காடுகளில் இந்தக் குப்பிக்கு இத்தனை மதிப்பு.

மிளகாயில் காரம் தருவது கேப்சைசின் என்ற வேதிப்பொருள். சூட்டை உணர்வதற்கென்று நரம்புகளில் உள்ள ஒரு வாயிலை அது திறந்துவிடுகிறது. உடல் சுடாமலேயே சுடுவதாக மூளைக்குச் செய்தி போகிறது. இந்த வாயிலை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையலில் நாக்கை உறைக்க வைக்கும் அதே பொருள், செறிவூட்டி நுண்துளிகளாகக் கண்ணில் படும்போது முந்நூறு கிலோ எடையுள்ள விலங்கையும் நிறுத்திவிடுகிறது. கரடிக்கென்றே தயாராகும் ஸ்ப்ரேயில் காரச் சத்து 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். குறைந்தது 225 கிராம் எடை, ஏழரை மீட்டருக்குக் குறையாத வீச்சு, ஆறு நொடியாவது தொடர்ந்து பீச்சும் திறன் ஆகியவை நல்ல குப்பிக்கு அடையாளம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு எண்ணும் அதன்மேல் அச்சாகியிருக்கும். கைப்பையில் வைத்துக்கொள்ளும் சிறிய பெப்பர் ஸ்ப்ரே இதற்கு மாற்று ஆகாது. அது மனிதத் தாக்குதலுக்காகச் செய்யப்பட்டது. அதன் வீச்சும் அளவும் கரடிக்குப் போதாது.

1980களின் தொடக்கத்தில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கேரி ஹன்ட் என்ற ஆய்வாளர் கரடிகளை விரட்டும் பொருள்களைச் சோதித்துப் பார்த்ததிலிருந்து இந்தக் குப்பியின் வரலாறு தொடங்குகிறது. அது எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு அலாஸ்காவில் கிடைத்த சான்று வலுவானது. 1985 முதல் 2006 வரை அங்கே ஸ்ப்ரே பயன்பட்ட 83 சம்பவங்களை டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளில் நூற்றுக்கு 92 முறையும் கருங்கரடிகளில் 90 முறையும் கரடி தன் செயலை நிறுத்திக்கொண்டது. மிக அருகில் கரடியை எதிர்கொண்டு ஸ்ப்ரே அடித்தவர்களில் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பினார்கள். துப்பாக்கி பற்றிய ஆய்வு 2012இல் வந்தது. 269 சம்பவங்களை அலசிய அந்த ஆய்வில், துப்பாக்கி வைத்திருந்தவர்கள் சுட்டாலும் சுடாவிட்டாலும் காயமடைந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பதற்றத்தில் ஓடிவரும் விலங்கைக் குறி தவறாமல் சுடுவது கடினம். புகைமூட்டத்துக்கு அவ்வளவு துல்லியமான குறி தேவையில்லை.

இந்தக் குப்பியை இப்போது வாடகைக்கும் எடுக்கலாம். அந்த முறை வந்ததற்கு நேரான காரணம் விமானப் பயணம். அழுத்தப்பட்ட வாயு அடைத்த இந்தக் குப்பியைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கில் போடும் பெட்டியிலும் வைக்க முடியாது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா போன்ற இடத்துக்கு விமானத்தில் வந்து மூன்று நாள் தங்குபவர் 40, 50 டாலர் கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கினாலும், ஊர் திரும்பும்போது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். செலவைப் பார்த்துப் பலர் வாங்காமலேயே காட்டுக்குள் நடந்தார்கள். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் யெல்லோஸ்டோனின் கேனியன் வில்லேஜிலும், மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்கா பக்கத்திலும் ஸ்ப்ரேயை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் வந்தன. ஒரு நாளுக்கு ஏறத்தாழ பத்து டாலர் ஆகும். வார வாடகை என்றால் நாளுக்குக் கணக்குக் குறையும்.

வாடகைக்கு எடுப்பவர் கடையிலேயே சிலவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். குப்பியின் காலாவதித் தேதி முடிந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு ஆண்டுகளில் உள்ளே இருக்கும் அழுத்தம் குறைந்துவிடும். விசையின் மேல் உள்ள பாதுகாப்புக் கிளிப் உறுதியாக இருக்க வேண்டும், இடுப்பில் மாட்டும் உறை கூடவே வர வேண்டும். காரம் இல்லாத பயிற்சிக் குப்பி இருந்தால் கேட்டு வாங்கி, கிளிப்பைக் கழற்றி அழுத்திப் பார்ப்பது மிக நல்லது. உறையிலிருந்து எடுத்துக் கிளிப்பைத் தள்ளுவதற்கு முதல் முறை எவ்வளவு நேரம் ஆகிறது என்பது பழகிப் பார்க்கும்போதுதான் தெரியும். எல்லாப் பூங்காவிலும் ஸ்ப்ரே தேவை என்றும் இல்லை. கலிபோர்னியாவின் யோசமிட்டியில் கருங்கரடிகள் மட்டுமே இருக்கின்றன. அங்கே கரடி ஸ்ப்ரே கொண்டுபோகவே தடை. போகும் பூங்காவின் விதியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

யெல்லோஸ்டோன் 1872இல் தொடங்கப்பட்ட பூங்கா. வயோமிங், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. கிரிஸ்லி எனப்படும் பழுப்புக் கரடியும் கருங்கரடியும் இங்கே சேர்ந்து வாழ்கின்றன. நிறத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது; கருங்கரடியிலும் பழுப்பு நிறமுள்ளவை உண்டு. தோளில் திமில் போன்ற புடைப்பு, உட்குழிந்த முகம், குட்டையான காது, நீண்ட நகம் இருந்தால் அது கிரிஸ்லி.

இன்றைய விதிகள் பலவும் இந்தப் பூங்கா பட்ட அனுபவத்திலிருந்து வந்தவை. ஒரு காலத்தில் ஹோட்டல்களின் எச்சிலும் குப்பையும் திறந்தவெளியில் கொட்டப்பட்டன. மாலையில் கரடிகள் அங்கே கூடுவதைப் பார்க்கப் பயணிகளுக்கு இருக்கை வரிசைகளே போட்டிருந்தார்கள். சாலையோரம் காரை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கருங்கரடிக்கு ரொட்டி நீட்டுவது வாடிக்கையாக இருந்தது. அதன் விலை பெரிது. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தார்கள். 1970ஐ ஒட்டிக் குப்பை மேடுகளை மூடத் தொடங்கினார்கள். திடீரென்று மூடினால் பசித்த கரடிகள் கூடாரங்களைத் தேடி வரும், படிப்படியாகச் செய்யுங்கள் என்று அங்கே நெடுநாள் ஆய்வு செய்த ஃபிராங்க், ஜான் கிரெய்க்ஹெட் சகோதரர்கள் எச்சரித்தார்கள். அதை நிர்வாகம் ஏற்கவில்லை. மனித உணவுக்குப் பழகிய கிரிஸ்லிகள் பல அடுத்த சில ஆண்டுகளில் கொல்லப்பட்டன. 1975இல் அந்த வட்டாரம் முழுவதிலும் 136 கிரிஸ்லிகளே எஞ்சியிருந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டே சட்டப் பாதுகாப்பு வந்தது. இன்று அவை ஆயிரத்தை ஒட்டிப் பெருகியிருக்கின்றன. ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் பயணிகள் வந்தும் காயப்படுபவர் சராசரியாக ஆண்டுக்கு ஒருவர்தான். கரடி மாறவில்லை, மனிதரின் உணவு அதற்குக் கிடைக்காமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகவே கரடிக் காட்டில் முதல் பாதுகாப்பு சாப்பாட்டுப் பையில் இருக்கிறது. பிஸ்கெட், ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, உதட்டுக் களிம்பு என்று மணமுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. பூங்கா தந்திருக்கும் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். பெட்டி இல்லாத இடத்தில் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளித் தொங்கவிட வேண்டும். சமையல் செய்யும் இடமும் தூங்கும் இடமும் நூறு மீட்டராவது விலகியிருக்க வேண்டும். தாளித்த வாசனை ஏறிய சட்டையோடு படுப்பதும் ஆபத்துதான். குளிர்காலத்தின் ஐந்து மாத உறக்கத்துக்கு உடலைத் தேற்ற வேண்டியிருப்பதால், கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் கிரிஸ்லி நாள் முழுதும் இரை தேடி அலையும்.

நடக்கும்போது மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போவது நல்லது. தாக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தனியாகவோ இருவராகவோ நடந்தவர்கள். பெரும்பாலும் திடீரென எதிர்ப்படும் மனிதரைத்தான் கரடி தாக்குகிறது. வளைவு, புதர், ஆற்றுச் சத்தம் உள்ள இடங்களில் பேசிக்கொண்டும் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டும் போக வேண்டும். பையில் கட்டும் சிறு மணியை நம்ப முடியாது, அதன் ஒலி தூரம் போகாது. அதிகாலையிலும் அந்தியிலும் இரவிலும் நடையைத் தவிர்க்கலாம். செத்த மானோ காட்டெருமையோ கிடந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். பக்கத்தில் எங்கோ கரடி அதைக் காவல் காக்கலாம். கரடியிடமிருந்து குறைந்தது 100 கஜம், அதாவது 91 மீட்டர் விலகி நிற்பது யெல்லோஸ்டோனில் சட்டம். புகைப்படத்துக்காக அதை மீறுவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

இவ்வளவுக்குப் பிறகும் கரடி எதிரில் நின்றுவிட்டால் ஓடக் கூடாது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கரடி ஐம்பது மீட்டரை மூன்றரை நொடிக்குள் கடந்துவிடும். முதுகுப் பைக்குள் கிடக்கும் ஸ்ப்ரே இதனால்தான் பயனற்றது. குப்பி இடுப்பிலோ மார்பிலோ கை எட்டும் இடத்தில் தொங்க வேண்டும். கரடி தன்னைப் பார்க்கவில்லை என்றால் சத்தமின்றி விலகலாம். பார்த்துவிட்டால் குப்பியைக் கையில் எடுத்துக் கிளிப்பைக் கழற்றி, மெல்லப் பேசியபடி பின்வாங்க வேண்டும். பின்னங்காலில் எழுந்து நிற்பது ஆளை அடையாளம் காணத்தான். பல்லை நறநறப்பதும் புஸ்ஸென்று மூச்சு விடுவதும் அது மிரண்டிருப்பதைக் காட்டும். பாய்ந்து வந்தால் அசையாமல் நின்று, ஒன்பது முதல் பதினெட்டு மீட்டர் தூரத்துக்குள் வரும்போது, சற்றுத் தாழ்த்தி முன்னால் பீச்ச வேண்டும். அதற்கும் எனக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டால் குறி சரியாக அமையும். புகைமூட்டத்தைத் தாண்டி வந்தால் முகத்தில் அடிக்க வேண்டும். நின்றதும் அங்கிருந்து விலகிவிட வேண்டும்.

மிரண்டுபோய்த் தாக்கும் கிரிஸ்லி மேலே விழுந்துவிட்டால், முதுகுப் பையைக் கழற்றாமல் குப்புறப் படுத்து, கைகளைப் பிடரியில் கோத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். ஆபத்து நீங்கியதாக எண்ணிப் பெரும்பாலும் அது போய்விடும். கருங்கரடி தாக்கினாலும், எந்தக் கரடியானாலும் பதுங்கிப் பின்தொடர்ந்து வந்தாலும், இரவில் கூடாரத்துக்குள் நுழைந்தாலும் கிடைத்ததை எடுத்து எதிர்த்துப் போராட வேண்டும். அந்தக் கரடி இரை தேடி வந்திருக்கிறது.

கொசு மருந்து போல ஸ்ப்ரேயை உடம்பிலும் கூடாரத்திலும் அடித்துக்கொள்பவர்களும் உண்டு. அது பெரும் தவறு. தரையில் படிந்த மிளகாய் வாசனை கரடியை விரட்டாமல் வரவழைக்கிறது என்றும், பழுப்புக் கரடிகள் அதில் புரளுகின்றன என்றும் டாம் ஸ்மித் 1998லேயே எழுதியிருக்கிறார். தன் கண்ணிலேயே பட்டுவிட்டால் தேய்க்காமல் குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் குப்பியை விட்டுவைக்கக் கூடாது. உள்ளே ஐம்பது டிகிரி சூடேறினால் வெடிக்கக்கூடும்.

நடை முடிந்ததும் குப்பியை எடுத்த கடையிலேயே ஒப்படைக்கலாம். சொந்தமாக வாங்கியவர்களுக்கு யெல்லோஸ்டோனில் மறுசுழற்சிக்கான தனிப் பெட்டிகள் இருக்கின்றன. சாதாரணக் குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கி அது வெடித்தால், அந்தக் காரம் அங்கே வேலை செய்யும் தொழிலாளியின் கண்ணில் போய் விழும்.