வேட்டை நாய் வீட்டு நாயாகுமா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தன் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கும்படி கேட்டுக்கொண்டார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம் தென்மாவட்டத்து இனங்களும் அந்த உரையில் இடம்பெற்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடுகளோடு நாட்டு நாய்கள் மீதும் ஆர்வம் பெருகியிருந்தது. அந்த உரை அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அழியும் நிலையில் இருந்த இனங்களுக்கு இது நல்ல காலம்தான். ஆனால் மாடிக் குடியிருப்பில் இரண்டரை அடிச் சங்கிலியில் பகல் முழுக்கக் கட்டிக்கிடக்கும் சிப்பிப்பாறைக்கு இது நல்ல காலம் ஆகாது.

வேட்டை நாய் குடும்பத்துக்கு நல்ல துணையாக இருக்கும். அதற்கு, வாங்குகிறவர் முதலில் ஒன்றைக் கேட்டறிய வேண்டும்: இந்த இனம் எந்த வேட்டைக்காக உருவானது? நிறமும் உயரமும் விலையும் அப்புறம். பல தலைமுறையாக அந்த நாய் செய்த வேலைதான் உங்கள் வீட்டில் அதன் குணமாக வெளிப்படும்.

வேலை எதுவோ, குணமும் அதுவே

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டிப் பிடிக்கும் நாய்கள். கரிசல் வெளியில் முயல் கிளம்பினால் கண நேரத்தில் பாய்ந்து ஓடுவதற்கென்றே அமைந்த நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, நீள முகம். வீட்டுக்குள் இவை அமைதியானவை; தேவையில்லாமல் குரைக்காது, வளர்த்தவரிடம் மிகவும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தெருவில் பூனையோ கோழியோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள் என்றால் உயரமான சுற்றுச்சுவர் இல்லாமல் இந்த நாயை வாங்கக் கூடாது.

ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பழகியது. தேனி மாவட்டத்துக் கோம்பையும் அப்படியே. பலமும் துணிச்சலும் அதிகம். அந்நியரைச் சட்டென ஏற்காது. வீட்டுக்கு உறவினரும் பிள்ளைகளின் நண்பர்களும் வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள் என்றால், நாய் வளர்த்துப் பழக்கமில்லாதவருக்கு இவை ஏற்றவை அல்ல.

லாப்ரடாரும் வேட்டைக்கு வந்த நாய்தான். சுட்டு விழுந்த பறவையைக் கடித்துச் சிதைக்காமல் வாயில் கவ்விக் கொண்டுவந்து கொடுப்பது அதன் வேலை. மனிதனோடு சேர்ந்து வேலை செய்து பழகியதால்தான் குழந்தைகளோடும் எளிதில் ஒத்துப்போகிறது. பீகிள் மோப்பம் பிடித்து முயலைத் தொடரும் இனம். தடம் கிடைத்தால் ஊளையிட்டு மற்ற நாய்களுக்குச் சொல்லும். அதே ஊளை அடுக்குமாடியில் அண்டை வீட்டாரோடு தகராறாக முடியும்.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

தாய் நாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். தாய் உங்களைப் பார்த்துப் பயந்து ஒடுங்கினாலோ, வளர்ப்பவர் கையையே கடிக்கப் பாய்ந்தாலோ, அந்தச் சுபாவம் குட்டியிலும் வரலாம்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அறியப்பட்ட குறை. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. குட்டியை அதன் உடன்பிறப்புகளிடமிருந்து பிரித்துத் தனியாக விடுங்கள். கூட்டமாக இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பிவிடும். அதன் பார்வைக்கு எட்டாமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வு காலில் தெரிந்துவிடும். காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள். காது கேளாத நாய் பின்னால் வரும் குழந்தை தொட்டதும் திடுக்கிட்டுக் கடித்துவிடக்கூடும்.

‘முறுக்கு’ தெரிவதற்காகக் காதை நறுக்கியும் வாலை வெட்டியும் விற்கும் இடத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தக் குட்டி பட்ட வதைக்கு உங்கள் பணம் கூலியாகக் கூடாது.

சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை குறித்த மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, குட்டிகளை ஈன வைத்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு பெட்டை நாயை 18 மாதத்துக்கு முன் இணைசேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. பதிவுச் சான்றையும் தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. விற்பவர் கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

பணம் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். இனம், பிறந்த தேதி, போட்ட ஊசிகள் அதில் இருக்கட்டும். நோயுற்ற குட்டியை மறைத்து விற்றாலோ, கலப்பைத் தூய இனம் என்று ஏமாற்றினாலோ மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். வாங்கிய இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை பெற்றுவைத்தால் வழக்குக்குப் பலம் சேரும்.

குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட வளர்ப்பு நாயைத் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. யாராவது உங்கள் நாய்க்கு விஷம் வைத்தாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். நாய் இறந்திருந்தால் அரசு கால்நடை மருத்துவமனையில் உடற்கூறு ஆய்வும் கேளுங்கள்.

சட்டம் உங்களிடம் கேட்கும் கடமை

வேட்டை நாய் வைத்திருப்பது குற்றமில்லை. வேட்டைக்கு விடுவது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், நாயை ஏவித் துரத்துவதையும் அதற்கான முயற்சியையும் வேட்டை என்றே கொள்கிறது. முயலுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வரலாம். முதல் அட்டவணையில் உள்ள உடும்பு என்றால் தண்டனை குறைந்தது மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகும். ‘நாய்க்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது’ என்று இளைஞர்கள் இரவில் முயலுக்குப் போய், அதைப் படமும் எடுத்துப் போடுகிறார்கள். அந்தப் படமே அவர்களுக்கு எதிரான சாட்சி.

பலருக்குத் தெரியாத இன்னொரு சட்ட வரி உண்டு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை ஓட்டத்துக்கும் நடைக்கும் அழைத்துப் போகாமல் விடுவதையே வதை என்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் இன்றும் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். தொகை சிறியதென்று கடமையும் சிறியதாகிவிடாது. ஓடப் பிறந்த நாயை ஓடவிடாமல் வைத்தால் அது குழி தோண்டும், ஊளையிடும், கடைசியில் எரிச்சலில் கடிக்கும். பழி நாய் மேல் விழும்.

காலை மாலை இருவேளையும் நீண்ட நடை வேண்டும். வாரத்தில் சில நாளாவது வேலி அடைத்த தோப்பிலோ திடலிலோ அவிழ்த்து ஓடவிட வேண்டும். தெருவில் வார் இல்லாமல் விடாதீர்கள். சிப்பிப்பாறைக்குத் தலை, கழுத்தைவிட அதிகம் பருத்திருக்காது. சாதாரணப் பட்டையைப் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். இழுத்தால் ஓரளவு இறுகும் அகலப் பட்டையோ மார்புப் பட்டையோ பாதுகாப்பு. உங்கள் அலட்சியத்தால் நாய் யாரையாவது கடித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரும். உங்கள் ஊரில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்; சென்னை மாநகராட்சியில் கட்டாயம்.

மருத்துவமனையில் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: உடலில் கொழுப்பு குறைவான இந்த மெலிந்த இனங்களுக்குச் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் தெளியாமல் போகலாம். அறுவை சிகிச்சை எதுவானாலும், சிப்பிப்பாறை, கன்னி வகை என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில்

எவ்வளவு சாதுவான நாயானாலும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். குட்டி மூன்று நான்கு மாதம் ஆவதற்குள் பலதரப்பட்ட மனிதர்களையும் வண்டிச் சத்தத்தையும் பார்த்துப் பழக வேண்டும்.

கடித்துவிட்டால், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள்; ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயத்திலும் அதைச் சுற்றியும் போடும் ரேபிஸ் எதிர்ப்புப் புரதமும் (இம்யூனோகுளோபுலின்) தேவை. ‘நம் வீட்டு நாய்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் அறிகுறி வந்தபின் உயிர்பிழைப்பது மிக மிக அரிது.

பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்வி

இந்த இனம் எந்த வேட்டைக்குப் பழகியது? தினமும் இருவேளை அதோடு நடக்கப்போவது யார்? ஓடவிட வேலி அடைத்த இடம் எங்கே? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த நான்குக்கும் பெயரும் இடமும் சொல்லிப் பதில் எழுதுங்கள். ஒன்றுக்காவது பதில் கிடைக்காவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு உங்களோடு இருக்கும். சலித்தபின் தெருவில் விடுவது சட்டப்படி குற்றம், மனச்சாட்சிப்படியும் குற்றம். நான்குக்கும் பதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். முறையாக வளர்க்கும் குடும்பங்கள் பெருகினால்தான் இந்த இனங்கள் பிழைக்கும்.