வயிற்றுப் பெருந்தமனி வீக்கமும் உணவு விலக்கும்

திறவுச்சொற்கள்: பெருந்தமனி, அனியூரிசம், குருதியழுத்தம், உப்பு, பத்தியம்

முன்னுரை

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வயிற்றுப் பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. விட்டம் உடையது. அதன் சுவர் நலிவுற்று, விட்டம் 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிவதே வயிற்றுப் பெருந்தமனி வீக்கம் (அனியூரிசம்) எனப்படுகிறது. பெரும்பாலும் அறிகுறியின்றி வளரும் இவ்வீக்கம் வெடிக்குமாயின் உயிரிழப்பு நேர வாய்ப்பு மிகுதி. ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 18 அன்று மறைந்தது இதனாலேயே.

பத்தியமா, வாழ்முறையா?

நோய் உறுதியானதும் நோயாளியும் குடும்பத்தாரும் வினவுவது, எவற்றை விலக்க வேண்டும் என்பதே. தமிழ் மருத்துவ மரபில் பழகிய பத்தியம் என்னும் கருத்து இவ்வினாவின் பின்னணியில் உள்ளது. ஆனால் பத்தியம் மருந்துண்ணும் காலத்தோடு பொதுவாக முடிந்துவிடும். இந்நோய்க்குரிய உணவு ஒழுங்கு வாழ்நாள் முழுவதும் தொடர்வது. மேலும், விரிந்த தமனியைச் சுருக்கும் என்று நிறுவப்பட்ட உணவு எதுவும் இல்லை. குருதியழுத்தத்தைத் தணிப்பதும் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவதைக் குறைப்பதுமே உணவு ஆற்றக்கூடிய பணி. வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் குறித்த காலத்தில் அளந்துவருவதும், ஆண்களுக்கு 5.5 செ.மீ. அளவை எட்டும்போது அறுவை மருத்துவம் குறித்து முடிவெடுப்பதும் உணவால் ஈடுசெய்ய இயலாதவை. விலக்க வேண்டியவற்றுள் முதலாவதும் உணவன்று, புகைபிடித்தலே.

மறைந்திருக்கும் உப்பு

வயதுவந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்பு உட்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. மேலைநாட்டு விலக்குப் பட்டியல்கள் பதப்படுத்திய பன்றி இறைச்சியையும் சீஸையும் சுட்டும். அவற்றை அப்படியே மொழிபெயர்த்துத் தருவதால் தமிழ் நோயாளிக்குப் பயன் குறைவு. அவரது உணவில் உப்பு மிகும் இடங்கள் ஊறுகாய், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியன. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, அச்சுவைக்குறையை ஈடுசெய்ய ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதால் கட்டுப்பாடு பயனற்றுப் போகிறது. அப்பளம் இன்னும் ஏமாற்றக்கூடியது. அதில் சேரும் அப்பளக்காரமும் சோடியச் சேர்மமே; நாவில் உப்பாக உணரப்படாததால் அது கணக்கில் வருவதில்லை. ஆப்பசோடாவுக்கும் இது பொருந்தும்.

கொழுப்பைப் பொறுத்தவரை வனஸ்பதி, மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டங்கள், கொழுப்பு மிகுந்த ஆட்டிறைச்சி ஆகியவற்றைத் தவிர்த்தல் நன்று.

பழங்களும் ஓர் எச்சரிக்கையும்

சுவீடனில் 80,000-க்கும் மேற்பட்டோரை 13 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2013-இல் வெளியான ஆய்வொன்றில், பழம் மிகுதியாக உண்டோரிடம் இந்நோய் குறைவாகக் காணப்பட்டது. காய்கறிகளுக்கு அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. இது தொடர்பைக் காட்டுகிறதே அன்றிக் காரணத்தை நிறுவவில்லை. காய்கறிகளின் நார்ச்சத்துக்கு வேறொரு பயன் உண்டு: மலச்சிக்கலைத் தவிர்க்கிறது. முக்குதல் குருதியழுத்தத்தைத் திடீரென உயர்த்துமாதலின் இது சிறிய செய்தியன்று.

உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பை நோயாளிகள் தாமாகவே பயன்படுத்துதல் ஆகாது. சிறுநீரகச் செயல்பாடு குன்றியவர்களுக்கும், குருதியழுத்தத்திற்காகச் சிலவகை மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் அது குருதியில் பொட்டாசியத்தை மிகுவித்து இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும். இளநீரை நாள்தோறும் பருகும் வழக்கமுடையோரும் இதனை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.