உஷார்! வேலை தருகிறேன் என்பவர் உங்களிடமே பணம் கேட்கிறாரா?

"வீட்டில் இருந்தபடியே தினமும் இரண்டாயிரம் சம்பாதிக்கலாம்." இப்படி ஒரு செய்தி உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கிறதா? இன்னும் வரவில்லை என்றால், கட்டாயம் வரும். வந்தால் பதில் போடாதீர்கள். 'சும்மா என்னவென்று கேட்டுப் பார்ப்போமே' என்று ஒரு 'ஹாய்' கூட வேண்டாம்.

அந்த ஒரு 'ஹாய்'க்காகத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள்!

"நான் படித்தவள், கணக்கு வழக்கு தெரிந்தவள், என்னை யார் ஏமாற்ற முடியும்?" என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் இதை நீங்கள்தான் முதலில் படிக்க வேண்டும். அப்படி ஏமாந்த ஒருவரும் படித்தவர்தான். பி.காம். முடித்தவர். பால் கணக்கு முதல் வீட்டுக் கடன் தவணை வரை அந்த வீட்டின் வரவு செலவு மொத்தமும் அவர் கையில்தான் இருந்தது.

சென்னை பெசன்ட் நகரில் நடந்த கதை இது. பெயர் வேண்டாம். அவரும் நம்மைப் போல ஒரு குடும்பத் தலைவி. கல்யாணத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவர். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டார். பெண் இப்போது ஏழாவது படிக்கிறாள். 'இனி நானும் ஏதாவது சம்பாதிக்க வேண்டும், எனக்கென்று கொஞ்சம் பணம் வேண்டும்' என்ற ஆசை மனதில் இருந்தது. நியாயமான ஆசை. அந்த ஆசையைத்தான் திருடன் பிடித்துக்கொண்டான்.

காலை பதினொரு மணிக்கு, வீட்டில் எல்லோரும் கிளம்பிப் போன நேரத்தில், ஒரு செய்தி வந்தது. 'ஹெச்.ஆர்.' என்று ஒரு பெண் பேசினாள். வேலை ரொம்பச் சுலபம். கூகுள் மேப்பில் ஒரு ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும். ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். மூன்று போட்டார். பத்து நிமிஷத்தில் 150 ரூபாய் அவர் வங்கிக் கணக்கில் விழுந்தது.

உண்மையான பணம்! கண்ணால் பார்த்தார். நம்பினார்.

மறுநாள் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்த்தார்கள். உள்ளே நூற்றுக்கணக்கான பேர். 'இன்று எனக்கு எட்டாயிரம் வந்தது', 'நன்றி மேடம்' என்று நாள் முழுக்கச் செய்திகள். ஆயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினார். 1,300 வந்தது. மூவாயிரம் கட்டினார். 3,900 வந்தது.

பிறகு பத்தாயிரம். இந்த முறை பணம் கணக்குக்கு வரவில்லை. அவர்களுடைய இணையப் பக்கத்தில் மட்டும் 'உங்கள் இருப்பு 14,000' என்று காட்டியது. 'இது மூன்று டாஸ்க் கொண்ட செட். முடித்தால்தான் எடுக்க முடியும்' என்றார்கள். அடுத்தது 28,000. சிறுவாடாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதோடு போயிற்று. அதற்கடுத்தது 60,000. பெண்ணின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைக் கட்டினார்.

அப்போதுதான் இடி விழுந்தது. 'தப்பான பட்டனை அழுத்திவிட்டீர்கள். உங்களால் குழுவில் எல்லோருடைய பணமும் முடங்கிவிட்டது' என்றார்கள். குழுவில் ஒருத்தி அழுதாள். 'என் அம்மா ஆபரேஷன் பணம் அக்கா, சீக்கிரம் கட்டி முடித்துவிடுங்கள்' என்றாள். இவருக்குக் கை நடுங்கியது. வளையலையும் ஆரத்தையும் அடகுக் கடையில் வைத்து 1,20,000 அனுப்பினார்.

மொத்தம் 2,18,000 ரூபாய். ஒரு பைசா திரும்பவில்லை.

அந்தக் குழுவில் நிஜ மனுஷி அவர் ஒருவர்தான். எட்டாயிரம் வந்ததாகச் சொன்னவள், நன்றி சொன்னவள், அழுதவள் எல்லோருமே திருடனின் ஆட்கள்!

துயரம் இதோடு முடியவில்லை. அவருக்கு ஆரம்பத்தில் வந்த 1,300-ம், 3,900-ம் யாருடைய பணம் தெரியுமா? வேறு ஊரில் ஏமாந்த இன்னொரு அப்பாவியின் பணம். அந்த அப்பாவி போலீஸில் புகார் கொடுத்தார். அந்தப் பணம் போன கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டன. நம் பெசன்ட் நகர்ப் பெண்ணின் கணக்கும் முடங்கியது. வீட்டுக் கடன் தவணை அந்தக் கணக்கில் இருந்துதான் போகும். தவணை தவறி வங்கியிலிருந்து போன் வந்த பிறகுதான் கணவருக்கே விஷயம் தெரிய வந்தது.

அதுவரை அந்தப் பெண் யாரிடமும் மூச்சுவிடவில்லை. வெட்கம். பயம். 'திட்டுவார்களே' என்ற கலக்கம். அந்த மௌனத்தில் நாட்கள் ஓடின. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்தபோது பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விட்டிருந்தது.

அவர் முட்டாள் இல்லை. இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இது தெருவில் திரியும் ஒரு பிக்பாக்கெட்காரனின் வேலை அல்ல. இதற்குப் பின்னால் பெரிய கூட்டம் இருக்கிறது. 2023 டிசம்பரில் இப்படிப் பகுதி நேர வேலை, முதலீடு என்ற பெயரில் ஏமாற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு முடக்கியது. வெளிநாட்டிலிருந்து இயக்கப்பட்டவை அவை. யாரைக் குறிவைக்கிறார்கள் என்றும் உள்துறை அமைச்சகமே சொன்னது: ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை இல்லாத இளைஞர்கள். பெசன்ட் நகரில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்தாலும் இந்த மூன்று தரப்பினரும் இருப்பார்கள்.

வெளிநாட்டில் உட்கார்ந்து நமக்குச் செய்தி அனுப்புபவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு என்பது இன்னொரு கொடுமை. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று அழைத்துப் போய், மியான்மரின் மியாவாடியில் அடைத்து வைத்து, இந்த மோசடி வேலையைச் செய்யச் சொல்லி அடித்திருக்கிறார்கள். 2022-ல் அப்படிச் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். அதனால் 'தமிழில் பேசினாள், நம்ம ஊர்ப் பெண் மாதிரி இருந்தது' என்று நம்பிவிடாதீர்கள்.

செல்போனில் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொன்ன ஆருத்ரா நிறுவனத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் பணம் போட்டார்கள். 2022-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. அவர்கள் திரட்டியது 2,438 கோடி ரூபாய்! வங்கியில் ஒரு லட்சம் போட்டால் ஒரு வருஷம் முழுக்கக் காத்திருந்து சுமார் ஆறேழாயிரம் ரூபாய் கிடைக்கிறது. ஒரே மாதத்தில் முப்பதாயிரம் எங்கிருந்து வரும்?

பழைய நிறுவனம் என்பதும் பாதுகாப்பு இல்லை. 1872-ல் தொடங்கியது மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் என்ற நிதி நிறுவனம். தாத்தா காலத்து நம்பிக்கையில் பணம் போட்டவர்கள் முதிர்ந்த டெபாசிட்டுக்காக வாசலில் நிற்க வேண்டி வந்தது. 2024 ஆகஸ்டில் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் கைதானார். வங்கி டெபாசிட்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி வரும் அடையாளங்களை மனதில் பதிய வையுங்கள். இதில் ஒன்று தெரிந்தாலும் அந்த நொடியே விலகிவிடுங்கள்.

1. வேலைக்குப் பணம் கேட்பார்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், கிட் விலை, டெபாசிட், டாஸ்க் என்று பெயர் மாறும். வேலை செய்தால் நமக்குத்தான் சம்பளம் வர வேண்டும். நாம் கட்டினால் அது வேலையே இல்லை.

2. முதலில் சின்னதாகப் பணம் தருவார்கள். 150 ரூபாய் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது மீனுக்குப் போடும் புழு!

3. வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து டெலிகிராமுக்கு இழுப்பார்கள். அலுவலக முகவரி இருக்காது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆட்களின் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்வார்கள்.

4. 'பணத்தை எடுக்க வரி கட்டுங்கள், கிரெடிட் ஸ்கோரைக் கூட்டுங்கள்' என்பார்கள். உங்கள் பணத்தை எடுக்க இன்னும் பணமா? அந்த இடத்தில் நிறுத்துங்கள். போனது போகட்டும். மேலே ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

5. டேட்டா என்ட்ரி வேலை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். நாள் கணக்கில் தட்டச்சு செய்த பிறகு 'தப்பு அதிகம், அபராதம் கட்டுங்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் வரும். அதுவும் போலி. பயந்து பணம் கட்டாதீர்கள்.

6. 'உங்கள் வங்கிக் கணக்கை எங்களுக்குக் கொடுங்கள், மாதம் கமிஷன் தருகிறோம்' என்பார்கள். ஐயோ, வேண்டவே வேண்டாம்! திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

7. பணம் 'வாங்க' பின் நம்பர் போடச் சொல்வார்கள். யு.பி.ஐ.யில் பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம்.

8. இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிடச் சொல்வார்கள். ஆள் சேர்த்தால்தான் காசு என்று ஓடும் சுற்றுத் திட்டங்களை 1978-லேயே சட்டம் தடை செய்துவிட்டது. பீச்சில் உங்களோடு நடக்கும் தோழியையும் கோயிலில் பார்க்கும் மாமியையும் சேர்த்துவிட்டால், நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. புகாரில் உங்கள் பெயரும் வரும்.

9. 'வீட்டில் இப்போது சொல்லாதீர்கள், சம்பாதித்துக் காட்டி ஆச்சரியப்படுத்துங்கள்' என்பார்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். நல்ல வேலை எதுவும் மறைக்கச் சொல்லாது.

இன்னொரு குழியையும் சொல்லிவிடுகிறேன். விட்ட பணத்தை எடுக்க, உடனடிக் கடன் ஆப்பில் கை வைக்காதீர்கள். போனில் உள்ள எண்களையும் படங்களையும் எடுத்துக்கொண்டு, படத்தை ஆபாசமாக மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டுகிற ஆப்கள் இருக்கின்றன. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வருகிறவனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவன்தான்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

உடனே 1930-க்கு போன் செய்யுங்கள். எந்த வங்கியிலிருந்து, எவ்வளவு, எப்போது அனுப்பினீர்கள், பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் வங்கிகளுக்குப் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அப்படியே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. திருடன் எடுத்துவிட்டால் மீட்பது ரொம்பக் கஷ்டம். நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் என்பதால் வங்கியும் பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

அடுத்து தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 ஜூலை முதல் சட்டம். உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறும் முன், எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

சம்பாதிக்கவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தபடியே டியூஷன் எடுக்கிறவர்கள், தையல் வேலை செய்கிறவர்கள், சமைத்துக் கொடுக்கிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பத்து நிமிஷத்தில் சம்பாதித்ததில்லை. முதல் மாணவர் வரவே மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த வருமானம் நிற்கும். அதோடு, இந்த மோசடிகளில் போகாமல் இருக்க வீட்டுப் பணத்துக்கு இப்போதே வேலி போடுங்கள். தவணையும் பள்ளிக் கட்டணமும் இருக்கும் கணக்கை யு.பி.ஐ.யில் இணைக்காதீர்கள். கைச்செலவுக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு போதும். உங்கள் லட்சியத்துக்குச் சேர்க்கும் பணம் இன்னொரு கணக்கில் இருக்கட்டும். நகை எந்தக் காரணத்துக்கும் இந்த 'வேலை'களுக்காக வெளியே போகக் கூடாது. ஏலச்சீட்டு போடுவதானால் அரசிடம் பதிவான சீட்டா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் சீட்டே வேண்டாம்.

வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்துவிட்டேன் என்று மனைவியோ அம்மாவோ வந்து சொன்னால், திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் போனை எடுத்து 1930-ஐ அழுத்துங்கள். திட்டுக்குப் பயந்து மறைத்த நாட்களில்தான் பெசன்ட் நகர்ப் பெண்ணின் பணம் கைவிட்டுப் போனது.

பெண்களே, உங்களுக்கு ஒரே ஒரு விதி. தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பும் முன், நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கணவரோ, அக்காவோ, எதிர் வீட்டுக்காரரோ, யாராக இருந்தாலும் சரி. சொல்லத் தயக்கமாக இருந்தால், அந்தப் பணத்தை அனுப்பாதீர்கள். 1930 என்ற எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் போனிலும் பதிந்து கொடுங்கள்.