கிழட்டுச் செடியும் கவாத்துக் கத்தியும்

ஏலம் என்பது மலைநாட்டாருக்குப் புதிய சொல் அன்று. 1883ஆம் ஆண்டு முதலாகக் கொழும்பிலே தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. நமுனுகுலைச் சாரலிலும் தெமோதரைப் பள்ளத்தாக்கிலும் நம் பெண்கள் பனியில் நனைந்து பறித்த கொழுந்து, அரைபட்டு, உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்டு, முன்பின் அறியாத ஒருவர் கூறும் விலைக்குப் போய்விடுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு பழகியவர்கள் நாம். ஆனால் மனிதரையும் அவ்விதம் ஏலத்தில் எடுக்கலாம் என்பதை 2008ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், இந்தியப் பிரீமியர் லீக்கின் முதல் ஏலம் மும்பையில் நடந்தபோதுதான் நம்மிற் பலர் கண்டுகொண்டோம். அன்று சென்னை அணி மகேந்திர சிங் தோனியைப் 15 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நம் முத்தையா முரளிதரனை 6 இலட்சம் டாலருக்கு வாங்கியதும் அதே அணிதான். தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர் ஒருவரின் பேரன், முப்பத்தாறு வயதில், அதே தென்னிந்தியத் தலைநகரின் மஞ்சட் சட்டையை அணிந்தார். எல்லயிலும் பண்டாரவளையிலும் லயத்துப் பிள்ளைகளின் முதுகிலே இன்றளவும் மஞ்சள் நிறம் மங்காதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இந்த அணியைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணமானவர் எல்லக்கு அண்மையில் உள்ள ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டு கவாத்து வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். 2025 நவம்பர் நடுவில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையிலே உட்கார்ந்திருந்தான். பரீட்சையில் ஏதோ என்று நினைத்தேன். அன்று அது காரணமில்லை. ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்துவிட்டார்களாம். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்தவரை இப்படிச் செய்யலாமா என்று அவன் என்னிடம் வழக்குரைத்தான்.

பெரியவர் வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: "தம்பி, கவாத்து வெட்டுறவன் கொழுந்தைப் பார்க்கப்படாது. வேரைத்தான் பார்க்கணும்."

அந்த ஒரு வாக்கியம் வழியெல்லாம் என்னோடு வந்தது.

கவாத்து என்னவென்று நம் தோட்டத்து வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்து மாணவருக்காகச் சுருக்கமாகக் கூறுகின்றேன். தேயிலைச் செடி மரமாக வளரக்கூடியது. அதைப் பறிக்கும் உயரத்தில் வைத்திருக்கவும், புதுத் தளிர் விடச் செய்யவும், எங்கள் ஊர் உயரத்தில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை மேற்கிளைகளை வெட்டித் தள்ளுவர். வெட்டிய பின் சில மாதங்கள் அச்செடியில் பறிக்க ஒன்றுமிராது. அந்தக் காலத்தில் செடி உயிர் பிழைப்பது வேரிலே சேர்த்து வைத்த மாவுச்சத்தினால். ஆகவே முறை தெரிந்த துரைமார் வெட்டுக்கு முன் சில செடிகளின் வேர்த்துண்டை எடுத்து அயடின் கரைசல் இட்டுப் பார்ப்பர். கருநீலம் படர்ந்தால் வெட்டலாம், படராவிட்டால் செடியை ஆறவிட வேண்டும். சத்துக் குறைந்த செடியாயின் ஓரிரு கிளையை இலையோடு விட்டுவைத்து மற்றவற்றை வெட்டுவதும் உண்டு. அக்கிளைதான் புதுத் தளிர் வரும் வரையில் செடிக்கு மூச்சு.

இனி ஆட்டத்துக்கு வருவோம். இந்த லீக்கில் ஆட்டம் இரண்டு மாதம். திட்டம் பத்து மாதம். ஓர் அணியில் அதிகம் போனால் இருபத்தைந்து வீரர். அவருள் வேற்றுநாட்டார் எட்டுப் பேருக்கு மேல் ஆகாது. களத்தில் ஒரே வேளையில் நால்வருக்கு மேல் இறங்கவும் ஆகாது. எல்லா அணிக்கும் செலவு வரம்பு ஒன்றே. ஆண்டுதோறும் சிறிய ஏலம். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு சிலரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றெல்லாரையும் விட்டுவிடும் பெரிய ஏலம். 2011, 2014, 2018, 2022, அதன் பின் 2025 பருவத்துக்காக 2024 நவம்பரில். கவாத்துக் கணக்கும் இதுவேயன்றோ!

சென்னை அணி முதலிலிருந்தே முதிர்ந்தவரை நாடிய அணி. ஆயினும் தொடக்க நாட்களில் முதிர்ந்த மரத்தின் நிழலிலே கன்று வளர்க்கவும் அது தெரிந்து வைத்திருந்தது. 2010ஆம் ஆண்டு முரளிதரனுக்கு 38 வயது. அதே அணியில், அதே வேலைக்கு, சென்னை நகரத்து இளைஞர் ரவிச்சந்திரன் அஸ்வினும் இருந்தார், வயது 23. அவ்வாண்டு கிண்ணம் கிடைத்தது. மறு ஆண்டு பெரிய ஏலத்தில் முரளிதரன் கொச்சி அணிக்குப் போனார். நாமெல்லாம் வருந்தினோம். ஆனால் 2011 இறுதிப் போட்டியின் முதல் ஓவரிலேயே கிறிஸ் கெயிலை ஓட்டமின்றி வெளியேற்றியவர் அஸ்வின். கிண்ணமும் மீண்டும் சென்னைக்கே வந்தது. கிழவரை வைத்துக்கொண்டதும் சரி, விட்டதும் சரி, விடுமுன் நட்டு வைத்ததும் சரி. ஒரு மலையைச் செம்மையாகப் பார்ப்பது என்றால் இதுதான்.

பிறகு 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகள் அணிக்குத் தடை. 2018 சனவரியில் பெங்களூர் ஏலத்துக்கு அது திரும்பியபோது, 80 கோடி இந்திய ரூபா வரம்பில் 33 கோடியைத் தோனி, ரெய்னா, ஜடேஜா மூவருக்கே ஒதுக்கிவிட்டது. மிச்சப் பணத்தில் இளைஞரை அள்ளும் என்று எதிர்பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 36 வயது வாட்சன், 37 வயது ஹர்பஜன், 38 வயது இம்ரான் தாஹிர், 34 வயது பிராவோ! "அப்பாமார் படை" என்ற பொருளில் ஆங்கிலப் பத்திரிகைகள் ஒரு பட்டப் பெயரும் சூட்டின. மே 27ஆம் தேதி இறுதிப் போட்டியில் வாட்சன் முதற் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. ஐம்பத்தேழாவது பந்து முடிந்தபோது அவர் ஆட்டமிழக்காமல் 117. நகைத்தவர்கள் எங்கே போனார்களோ தெரியாது.

இதில் சூதாட்டம் எவ்வளவு, கணக்கு எவ்வளவு? பெரும்பகுதி கணக்கே என்பேன். ஏலத்தில் எல்லாரும் இளமைக்கு விலை கொடுக்கிறார்கள். ஆகையால் அனுபவம் மலிவாகக் கிடைக்கிறது. வாட்சன் 4 கோடி. தாஹிர் ஒரு கோடி. அம்பட்டி ராயுடு 2 கோடி 20 இலட்சம். அவ்வாண்டு அவர் குவித்தது 602 ஓட்டங்கள். தாஹிர் தமது நாற்பதாவது வயதில், 2019இல், லீக்கிலேயே அதிகமாக 26 விக்கெட் வீழ்த்தினார். பிறர் கழித்த பழைய செடியின் வேரை இவர்கள் கீறிப் பார்த்தார்கள், சத்து இருந்தது.

2019 இறுதிப் போட்டியில், முழங்காலில் இரத்தம் கசியக் கசிய வாட்சன் 80 ஓட்டம் எடுத்தும், ஓர் ஓட்டத்தால் தோல்வி. 2020இல் ஏழாம் இடம். வெட்டு, வெட்டு என்று ஊரே கூவியது. அணியோ பெரும்பாலும் அதே ஆட்களோடு, ராஜஸ்தான் கொடுத்த 35 வயது உத்தப்பாவையும் சேர்த்துக்கொண்டு 2021இல் கிண்ணம் வென்றது. அதிலே உற்றுப் பார்க்கத்தக்க செய்தி வேறொன்று: அவ்வாண்டு லீக்கில் அதிக ஓட்டம், 635, எடுத்தவர் அதே அணியின் 24 வயது ருதுராஜ் கெய்க்வாட். பழைய கிளைகளுக்கிடையே ஒரு தளிர் வந்திருந்தது. 2022இல் இடையே காயமுற்ற ஒருவருக்கு மாற்றாக அழைத்து வந்த கண்டி இளைஞர் மதீஷ பத்திரன இன்னொரு தளிர். 2023 கிண்ணத்தில் அவருக்கும் பங்குண்டு, 19 விக்கெட்.

இங்கே கடல் கடந்து சற்று அமெரிக்காவையும் பார்த்துவிடுவோம். அந்நாட்டுத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தில் முதியோர் அணிக்குப் பெயர்போனது சான் அந்தோனியோ. 2014இல் 38 வயது டிம் டங்கனையும் 36 வயது ஜினோபிலியையும் வைத்துக்கொண்டு அது கிண்ணம் வென்றது. ஆனால் அந்த இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் அவ்விருவரும் அல்லர். 22 வயது லெனர்ட். 2011இல், பயிற்சியாளரின் அன்புக்குப் பாத்திரமான ஜார்ஜ் ஹில் என்பவரைக் கொடுத்துவிட்டு வாங்கிய பிள்ளை அவர். 2012இல் டங்கன் தம் சம்பளத்தைப் பாதிக்கும் குறைவாக்கிக்கொண்டு பிறருக்கு இடம் விட்டதையும் சொல்ல வேண்டும். அங்கே இன்னொரு வசதி உண்டு: தோற்ற அணிகளுக்கே மறு ஆண்டு புதிய இளைஞரை முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம். டங்கனே அவ்வாறு 1997இல், ஒரு படுதோல்வி ஆண்டுக்குப் பின் கிடைத்தவர்தான். சென்னைக்கு அந்த ஆறுதல் இல்லை. கடைசி இடத்துக்கு வந்தவனுக்கும் முதல் இடத்துக்கு வந்தவனுக்கும் ஏல மண்டபத்தில் ஒரே வரம்பு. விழுந்தால் விழுந்ததுதான். ஆகவே இங்கே நாற்றுமேடையை நாமே போட்டு வைக்க வேண்டும்.

அதிலேதான் தவறு நேர்ந்தது. 2024 ஒக்டோபரில் ஐவரை நிறுத்திக்கொண்டார்கள்: கெய்க்வாட் 18 கோடி, ஜடேஜா 18, பத்திரன 13, துபே 12, தோனி 4. ஐந்தாண்டு நாட்டுக்கு ஆடாதவரை நாட்டு அணிக்கே ஆடாத புதியவர் கணக்கில் வைக்கலாம் என்ற விதிப்படி தோனிக்கு அந்த நான்கு கோடி. அதனை நான் குறை கூறமாட்டேன். இலையோடு விட்டுவைத்த கிளை அது. குறை அடுத்து நடந்ததில். 120 கோடியில் மீதி 55 கோடி. அதில் 9 கோடி 75 இலட்சம் யாருக்குப் போயிற்று தெரியுமா? அஸ்வினுக்கு. முரளிதரனின் நிழலில் வளர்ந்த அந்த 23 வயதுக் கன்று, இப்போது 38 வயதில், முரளிதரன் அணியை விட்டுப் போன அதே வயதில், திரும்பி வந்தார். 2018இல் முதியவர் மலிவு. 2024இல் முதியவருக்கே பெரிய விலை. சூத்திரத்தை வைத்துக்கொண்டு கணக்கை மறந்துவிட்டார்கள்.

2025 பருவத்தில் பதினான்கு ஆட்டத்தில் நான்கே வெற்றி. முதன்முறையாகப் பத்தாவது, அதாவது கடைசி இடம். கெய்க்வாட் முழங்கை முறிந்து விலக, 43 வயதில் தோனி மீண்டும் தலைமை ஏற்றார். பருவம் பாதி போன பின்பே பதினேழு வயது ஆயுஷ் மாத்ரேயும், தென்னாபிரிக்க இளைஞர் பிரேவிஸும் வரவழைக்கப்பட்டார்கள். வந்தவர்கள் அடித்தும் காட்டினார்கள். நாற்று வெளியே இருந்திருக்கிறது, நட ஆள் இல்லை என்றுதானே பொருள்?

அதன் பின் கத்தி ஆழமாகவே இறங்கியது. ஓகஸ்டில் அஸ்வின் லீக்கிலிருந்து ஓய்வு பெற்றார். நவம்பர் 15ஆம் தேதி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, 31 வயது சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். பத்திரன விடுவிக்கப்பட்டார், டிசம்பர் 16ஆம் தேதி அபுதாபி ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. சென்னையோ நாட்டு அணிக்கு ஆடியிராத இரண்டு இளைஞருக்கு, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்போருக்கு, தலைக்கு 14 கோடி 20 இலட்சம் கொடுத்தது. இருவரும் இருபது வயதைத் தாண்டாதவர்கள்.

ஜடேஜா விஷயத்தில் பேரன் பக்கமும் நியாயம் உண்டு. சில மாதம் தேனீர் குறையும் என்று தெரிந்து வெட்டுவது வேறு. நிழல் மரத்தையே வெட்டுவது வேறு. ஆனால் 36 வயதானவருக்கு நல்ல விலை கிடைக்கும் கடைசி ஆண்டு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஹில்லைக் கொடுத்து லெனர்டை வாங்கிய நெஞ்சுரம் இதிலும் தெரிகிறது. எனக்கு மனம் ஒப்பாதது பத்திரன போனதே. அவர் ஜடேஜாவைப் போல முதிர்ந்த கிளை அல்லர், 22 வயது. பந்துவீச்சிலே அவ்வாண்டு ஓட்டம் கொடுத்தார் என்பதற்காகத் தளிரைக் கிள்ளுவது கவாத்து ஆகாது. நம் நாட்டுப் பிள்ளை என்ற பாசம் என் கண்ணை மறைக்கிறது என்றால் மறைக்கட்டும்.

ஏலம் நடந்த அந்த வாரம் நம் பக்கத்தில் ஆட்டத்தை நினைக்கும் மனநிலை யாருக்கும் இருக்கவில்லை. நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தைக் கலங்கடித்திருந்தன. பெரியவரின் லயம் தப்பியது. சுகம் விசாரிக்கப் போனபோது, பேரன் ஒரு பழைய கொப்பித் தாளில் இருபத்தைந்து பேரை வரிசையாக எழுதி வைத்திருந்தான். ஜடேஜாவின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பத்திரனவின் பெயரை அடிக்க மனமில்லாமல் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

பெரியவர் தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "எல்லாம் சின்னப் பயலுகளா இருக்கே" என்றார். பிறகு ஏழாம் எண் இலக்கமிட்ட பெயரின் மேல் விரலை வைத்து, "இந்தக் கிளையை விட்டு வச்சிருக்கானுங்க" என்று கூறித் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.