முகப்பில்லாத ஆலயமும் அடுத்த வீட்டுக் கோபுரமும்

வியன்னாவின் பழைய நகரில் சைட்டன்ஷ்டெட்டன்காஸ என்றொரு குறுகிய தெரு உண்டு. அதன் 4-ஆம் எண் கட்டடம் பார்வைக்கு வாடகைக் குடியிருப்பு. உள்ளே இருப்பது 1826-ல் திறக்கப்பட்ட ஸ்டாட்டெம்பல், நகரின் தலைமை யூத ஜெப ஆலயம்.  

இப்படி ஒளிந்திருக்கச் சொன்னது அரசு. பேரரசர் இரண்டாம் ஜோசப் 1781-ல் பிறப்பித்த சகிப்பு ஆணை, புராட்டஸ்டன்டுகள் தொழுவதை அனுமதித்தது; ஆனால் அவர்களுடைய தொழுகை வீட்டுக்குக் கோபுரம் கூடாது, மணி கூடாது, தெருவைப் பார்த்த வாசலும் கூடாது. மறு ஆண்டு யூதர்களுக்கு வந்த ஆணையோ பொது ஜெப ஆலயத்துக்கே இடம் தரவில்லை. இதற்குச் சகிப்பு என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான். பிற்பாடு ஆலயம் எழுப்ப இசைவு கிடைத்தபோதும், தெருவில் நிற்பவர் கண்ணில் அது படக் கூடாது என்ற விதி நீடித்தது.

கட்டடக் கலைஞர் யோசெஃப் கோர்ன்ஹொய்சல் விதியை அப்படியே ஏற்றார். தெருப்பக்கம் ஐந்து மாடிக் குடியிருப்பு. அதன் பின்னால் நீள்வட்டக் கூடம். 12 அயோனியத் தூண்கள் பெண்களுக்கான மேல்மாடங்களைத் தாங்க, உச்சியில் பொன் விண்மீன்கள் பதித்த நீலக் குவிமாடம்.

அதே ஆண்டுகளில், ஆலயத்தை ஒட்டியே கோர்ன்ஹொய்சல் இன்னொன்றும் கட்டினார்: தமக்கென ஒன்பது மாடிக் கோபுரம். மனைவியிடமிருந்து தப்பித்து வேலை செய்யவே அவர் அதில் ஏறிக்கொண்டார் என்பது ஊர்க்கதை. ஒரு சமூகத்தின் இறைவனுக்கு மறுக்கப்பட்ட உயரம், ஒரு தனிமனிதருக்குத் தடையின்றிக் கிடைத்தது. 1842 ஜூலை 8-இல் முழுச் சூரிய கிரகணத்தை எழுத்தாளர் அடால்பர்ட் ஷ்டிஃப்டர் பார்த்ததும் அந்தக் கோபுரத்தின் உச்சியிலிருந்துதான். அந்த அனுபவத்தை அவர் எழுதிய கட்டுரை ஜெர்மன் உரைநடையில் புகழ்பெற்றது.

கண்ணுக்கு மறைத்ததைக் காதுக்கு மறைக்க முடியவில்லை. ஆலயப் பாடகர் சாலமன் சுல்ட்சரின் குரலைக் கேட்கக் கிறித்தவர்களும் வந்தார்கள். இசைமேதை லிஸ்ட் அவர்களில் ஒருவர். ஷூபர்ட் 1828-ல், தாம் இறந்த ஆண்டில், 92-ஆம் சங்கீதத்துக்கு எபிரேய மொழியிலேயே இசையமைத்து சுல்ட்சருக்குக் கொடுத்தார்.

1858-ல் காலம் மாறியிருந்தது. லுட்விக் ஃபர்ஸ்டர் லியோபோல்ட்ஷ்டட் பகுதியில் எழுப்பிய பேராலயம் தெருவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. 1938 நவம்பரில் நாஜிகள் அதை எரித்தார்கள். இன்று அவ்விடத்தில் நினைவுச் சின்னமாக நான்கு வெண்தூண்கள், பழைய முகப்பின் உயரத்தைக் காட்டி நிற்கின்றன. ஸ்டாட்டெம்பலின் உட்புறத்தையும் சூறையாடினார்கள். ஆனால் தீ வைத்தால் ஒட்டியிருந்த வீடுகளும் பற்றிக்கொள்ளும் என்பதால் எரிக்கவில்லை. வியன்னாவில் அந்த நாட்களைத் தாண்டித் தப்பிய ஜெப ஆலயம் அது ஒன்றே.

1981-ல் ஆயுதமேந்தியவர்கள் அந்த ஆலயத்தைத் தாக்கி இருவரைக் கொன்றார்கள். இப்போது தெருவில் காவலர்கள் நிற்பதால், முகப்பு சொல்லாத முகவரியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.