ஐந்து விரலையும் விரிச்சு எழுதுங்க பாஸ்!

சிம்போசியத்துக்கு வெப்சைட் போடும் பொறுப்பு உங்க தலையில் விழுந்திருக்கா? டிபார்ட்மென்ட் மேகஸின், வலைப்பூ, கிளப் பக்கம் என்று ராத்திரி முழிச்சு எழுதி ஏத்திட்டு, 'ஒருத்தன்கூட முழுசா படிக்கலையே மச்சி'னு புலம்பறீங்களா? கவலையை விடுங்க. உங்களுக்குப் பாடம் எடுக்க எங்க ஊரில் ஒரு வாத்தியார் 1,100 வருஷமா கால் வலிக்காமல் நிற்கிறார். அவர் ஆள் இல்லை... சுவர்!

ஊர், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். சுவர், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய இரண்டு கல்வெட்டுகள் அதில் இருக்கின்றன. குடவோலைத் தேர்தல் விதிகள்! ஸ்கூலில் ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். 1898-ல் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிய வந்தது. எல்லோரும் அதில் ஜனநாயகத்தைத் தேடுவார்கள். நாம கொஞ்சம் வேற ஆங்கிளில் பார்ப்போம். ஊரே பார்க்கும் இடத்தில் ஒரு விஷயத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். அது படிக்கச் சுலபமா, கஷ்டமா?

பதில்: ரெண்டும்தான்!

கண்ணுக்குக் கஷ்டம்

முதலில் கஷ்டத்தைப் பார்த்துவிடலாம். சுவர் முன்னால் போய் நின்றால் நமக்கு ஒன்றும் புரியாது. எழுத்து வடிவம் மாறிவிட்டது என்பது மட்டும் காரணம் இல்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே இடைவெளி கிடையாது. கமா, ஃபுல்ஸ்டாப் கிடையாது. பத்தி பிரிப்பது என்ற பேச்சே இல்லை. அந்தக் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதும் அபூர்வம். 'கெடு', 'கேடு' இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எது என்பதை இடம் பார்த்து நாமே கண்டுபிடிக்கணும். நடுநடுவே வடமொழிச் சொற்களுக்குக் கிரந்த எழுத்து வேறு.

இன்று நாம் சட்டென்று படிக்கும் தமிழ் தானாக வந்துவிடவில்லை. ஒவ்வொரு வசதிக்கும் பின்னால் யாரோ உழைத்திருக்கிறார்கள். எகர, ஒகரக் குறில் நெடில் குழப்பத்தைத் தீர்த்தவர் என்று 18-ம் நூற்றாண்டின் வீரமாமுனிவரைச் சொல்கிறோம். அச்சு வந்த பிறகு இடைவெளியும் நிறுத்தக் குறிகளும் நிலைத்தன. 'னை', 'லை', 'றா' போன்ற எழுத்துகளுக்கு இருந்த சுழி வடிவங்களை எளிமையாக்கி, 1935-ல் பெரியார் தன் 'குடி அரசு' இதழில் அச்சிட ஆரம்பித்தார். தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது 1978-ல். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு ஃபான்ட். அது இல்லை என்றால் திரை முழுக்கக் கட்டம் கட்டமா குப்பை. அந்தத் தலைவலியை ஒழித்தது யூனிகோட். 2010-ல் தமிழக அரசும் அதைத் தரமாக அறிவித்தது.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டு வழி போட்டுக் கொடுத்திருக்க, நாம பதினைந்து வரிக்கு ஒரே பத்தி, ஒரே வாக்கியம் என்று எழுதினால்? திரும்பவும் கி.பி. 919-க்கே போறோம் பாஸ்!

புத்திக்குச் சுலபம்

இப்போ மேட்டருக்கு வருவோம். எழுத்து கண்ணைக் கட்டினாலும், விஷயம் பளிச்! 'தகுதி வாய்ந்த நபர்கள் தேர்வு செய்யப்படுவார்கள்' என்று அந்தச் சுவர் வழவழா கொழகொழா என்று பேசவில்லை. ஊரில் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. போட்டியில் இருக்கணும் என்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். மூன்று வருஷமாக எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. எல்லாமே ஆமாம், இல்லை என்று சொல்லிவிடக்கூடிய விஷயங்கள். படிக்கிறவர் 'நான் உண்டா, இல்லையா' என்று அந்த நிமிஷமே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது இன்னும் அசத்தல். 'தேர்தல் வெளிப்படையாக நடைபெற வேண்டும்' என்று மொட்டையாகச் சொல்லாமல், எப்படி என்று காட்சியாகவே எழுதிவிட்டார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிக்கணும். விவரம் அறியாத சின்னப் பையன் ஒருவன் ஓலையை எடுக்கணும். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கணும். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை ஒளித்துவைக்க வழியே இல்லை, பாருங்க! அவர் அதைச் சத்தமாக வாசிக்கணும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதையே வாசிக்கணும்.

'வெளிப்படைத்தன்மை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக விரித்த கை! நல்ல எழுத்துக்கு இதைவிடச் சின்ன பாடம் எங்கேயும் கிடைக்காது. பெரிய சொல்லைத் தூக்கி வைத்துவிட்டு, யார் என்ன செய்யணும் என்று எழுதுங்க. அவ்வளவுதான்.

எடிட்டிங்கும் உண்டு. 919-ல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருஷத்தில் அது 35 முதல் 70 ஆனது. விதிகளும் விரிந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை. அவர் சொந்தக்காரர்களுக்கும் இல்லை. 'சொந்தக்காரர்' என்று விட்டால் ஆளாளுக்கு அர்த்தம் சொல்வார்களே? அதனால் சித்தி, பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன் என்று முறை சொல்லியே வெட்டிவிட்டார்கள். கல்லில் எழுதியவர்களே திருத்தி எழுதியிருக்கிறார்கள். நமக்கு பேக்ஸ்பேஸ் தட்டுவதற்கு என்ன கஷ்டம்?

ஒரு உண்மையையும் சொல்லிடணும். அந்தச் சபை, நிலம் வைத்திருந்த, வேதம் படித்த பிராமண ஆண்களின் சபை. அந்த நிலத்தில் உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் குடத்தில் ஓலை கிடையாது. சுவரில் இருந்த தெளிவு எல்லோருக்குமான தெளிவு இல்லை. யாருக்குப் புரியணும் என்ற கேள்வியை அன்று கேட்டவர் இல்லை. இன்று நாம கேட்கலாம்.

புரியாத எழுத்தின் விலை

எங்க தெருவில் ப்ளஸ் டூ முடித்த ஒரு தங்கை. அவள் வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள் அவள்தான். உதவித்தொகை அறிவிப்பு ஒன்றை செல்போனில் படித்தாள். எந்த ஆபீஸ் என்பது இங்கே வேண்டாம். 'மேற்படி திட்டத்தின்கீழ் பயன்பெற விழையும்' என்று ஆரம்பித்த வாக்கியம் பதினோரு வரி தாண்டித்தான் மூச்சு விட்டது. கடைசித் தேதி, கடைசிப் பத்தியில் ஒளிந்திருந்தது. இரண்டு முறை படித்துவிட்டு, 'இது நமக்கு இல்லைண்ணா' என்று போனை வைத்துவிட்டாள். உட்கார்ந்து பிரித்துப் பார்த்தால், அது அச்சு அசலாக அவளுக்கேதான்!

அதை ஐந்து வரியாக மாற்றி எழுதினோம். யாருக்கு? எவ்வளவு? என்னென்ன சர்டிஃபிகேட்? எங்கே தரணும்? எந்தத் தேதிக்குள்? அந்தத் தாளைப் படித்துவிட்டு, அவளே விண்ணப்பம் போட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள்.

புரியாத எழுத்தைப் படிக்கிறவர், 'எழுதியவருக்கு எழுதத் தெரியலை' என்று நினைப்பதில்லை. 'எனக்குப் படிப்பு பத்தலை' என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார். அதுவும் முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர் இன்னும் சீக்கிரம் ஒதுங்குகிறார். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், தன் 4-வது பிரிவில், அரசு அலுவலகங்கள் விவரங்களைத் தாமாகவே வெளியிடணும், அதில் உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ளணும் என்கிறது. உள்ளூர் மொழி என்றால் தமிழ் எழுத்து மட்டும் போதுமா? ஊருக்குப் புரிகிற தமிழாகவும் இருக்கணும் இல்லையா?

திரையில் எழுத சில டிப்ஸ்

திரையில் யாரும் வரிவிடாமல் படிப்பதில்லை. 1997-ல் ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் நடத்திய ஆய்வில், 79 சதவிகிதம் பேர் புதுப் பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள். வார்த்தை வார்த்தையாகப் படித்தவர்கள் 16 சதவிகிதம்தான். ஆகவே...

முக்கியமானது முதல் வரியில் வரட்டும். ஈவென்ட் என்றால் தேதி, இடம், கட்டணம்தான் மேலே. 'இன்றைய நவீன யுகத்தில்...' என்று ஆரம்பிக்கும் முன்னுரையைத் தயவு பார்க்காமல் வெட்டுங்க.

ஒரு பத்திக்கு ஒரு விஷயம். உபதலைப்பை மட்டும் படித்தாலே சாராம்சம் கிடைக்கணும்.

வார்த்தையின் நீளத்தைப் பாருங்க. ஆங்கிலத்துக்கு ருடால்ஃப் ஃப்ளெஷ் 1948-ல் ஒரு சூத்திரம் தந்தார். வாக்கிய நீளம், வார்த்தைக்கு எத்தனை அசை என்ற கணக்கு. தமிழுக்கு அதை அப்படியே போட முடியாது. 'போகமுடியாதவர்களுக்காகவும்' நமக்கு ஒரே வார்த்தை ஆச்சே! அதனால் சேர்த்து எழுதியே ஆகணும் என்றில்லாத இடத்தில் பிரித்து எழுதுங்க. 'வழங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது' எதுக்கு? 'தருகிறார்கள்' போதுமே!

வரிக்கு வரி தாராளமாக இடைவெளி விடுங்க. தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் வரும். நெருக்கினால் ஒன்றோடொன்று முட்டும். எழுத்து உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு இதம். இரண்டு ஓரமும் சமமாக நிறுத்த ஆசைப்படாதீங்க. நீள வார்த்தைகள் கீழே இறங்கிவிட, வரி நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

வெளிர் சாம்பலில் எழுத்து, பின்னால் பூப்போட்ட படம்... வேண்டாமே! வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று போனில் படிப்பவரை நினைச்சுக்கோங்க. அறிவிப்பை வெறும் படமாகப் போடாமல் யூனிகோடிலும் டைப் செய்து போடுங்க. பார்வையற்ற நண்பர்களின் கம்ப்யூட்டர் அதை வாசித்துக் காட்டும். தேடினாலும் கிடைக்கும்.

கடைசியாக, காசு செலவில்லாத டெஸ்ட். 1942-ல் 'தந்தி'யைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னவர். டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்டுப் புரிந்துகொண்ட தமிழ் அது. உத்திரமேரூர் சபையிலும் ஓலையைச் சத்தமாக வாசிக்கத்தானே சொன்னார்கள்? நீங்களும் போஸ்ட் பட்டனைத் தட்டுவதற்கு முன்னால், உங்க துறை சாராத ஒருத்தருக்கு வாசித்துக் காட்டுங்க. அம்மாவுக்கு, ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணனுக்கு, யாருக்கு வேண்டுமானாலும். எங்கே உங்களுக்கு மூச்சு முட்டுதோ, அங்கே ஃபுல்ஸ்டாப். எங்கே அவர் 'அப்படின்னா?' என்று கேட்கிறாரோ, அங்கே வேற வார்த்தை.

கையை மூடிக்கிட்டு எழுதினால் நமக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து விரலையும் விரிச்சுக் காட்டுங்க, ஊரே படிக்கும்!